டிசம்பர் 26 அன்று ரிக்வீரில் கடைச் சாளரங்களைப் படமெடுப்பது குறித்து

வணக்கம். டிசம்பர் 26 அன்று பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள ரிக்வீர் ஊருக்குச் சென்று கிறிஸ்துமஸ் கடைச் சாளரங்களைப் படமெடுத்து, பொம்மைகளும் வாங்கவிருப்பதாகவும், முந்தைய படங்களில் கண்ணாடியில் தெருவே தெரிந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். பிரான்சின் பிற பகுதிகளில் சாதாரண நாளான டிசம்பர் 26, அல்சாஸிலும் அதையடுத்த மொசேல் பகுதியிலும் மட்டும் உள்ளூர்ச் சட்டப்படி புனித ஸ்தேவான் திருநாள் விடுமுறை என்பதால், பல கடைகள் மூடியிருக்கக்கூடும். வாங்க வேண்டியவற்றை 24ஆம் தேதி பகலிலேயே வாங்கிவிடுங்கள். படமெடுப்பதற்கு விடுமுறை ஒரு தடையல்ல, கூட்டம் விலகி நிற்குமானால் நல்லதுதான். மாலை 4.40 அளவில் சூரியன் மறைந்தபின், வானம் முழுக்கக் கருக்கும் முன்னுள்ள அரைமணி நேரத்தில், லென்ஸின் விளிம்பைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து எடுத்தால், ஊசியிலைக் கிளைகளுக்கிடையே நிற்கும் நாரைப் பொம்மைகள் தெளிவாகப் பதியும். கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் அந்த நேரத்தில் வேண்டாம்; இருக்கும் சிறிதளவு வெளிச்சத்தையும் அது குறைத்துவிடும்.