பழைய ஸ்விஃப்ட்: ஷோரூம் சலுகையா, வெளி மெக்கானிக்கா?

நண்பரே, தர்மபுரியில் உங்கள் 2013 ஸ்விஃப்ட் டீசலை சர்வீஸுக்கு ஷோரூமின் 'பழைய வண்டி சலுகை'யில் விடலாமா, வெளி மெக்கானிக்கிடம் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாரண்டி என்றோ முடிந்துவிட்டது. நல்ல ஆள் கிடைத்தால் வெளியேதான் விடுவேன்.

சலுகை கூலிக்கு மட்டுமா, பார்ட்ஸுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். ஏசி கிளீனிங், கோட்டிங் என்று பில்லில் ஏறினால் சலுகையில் மிச்சமான காசு அங்கேயே போய்விடும்.

அடிக்கடி சேலம் போகிறீர்களே, எனக்குப் பிரேக் ஆயில்தான் கவலை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். சலுகைப் பட்டியலில் 'டாப் அப்' என்றிருந்தால் குறைந்த அளவை மட்டும் ஊற்றி நிரப்புவார்கள், அது மாற்றுவது ஆகாது. நாலு சக்கரத்திலும் ப்ளீட் செய்து, அதாவது டியூப் மாட்டி பழைய ஆயிலை வெளியேற்றி, அந்த டியூபில் தெளிந்த ஆயில் வரும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

அப்புறம், இந்த இன்ஜினில் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். இன்ஜின் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் அந்தச் செயின் அடிவாங்கும். இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் ஒரிஜினல் பார்ட்ஸ் கடையில் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஏர்பேக் விளக்கு, சாவி கோடிங் (புதுச் சாவியை வண்டியோடு இணைப்பது) மாதிரி வேலைக்கு மட்டும் ஷோரூம் போங்கள்.