முதல் ஜம்ப் தவறிய பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 14 வயது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜூனியர் பிரிவில் ஆடுகிறாள். பயிற்சியில் எல்லா ஜம்பும் சுத்தமாக வருகிறது. போட்டியில் முதல் ஜம்ப் தவறினால் போதும், ஃப்ரீ ஸ்கேட் என்கிற நீளமான ஆட்டம் முழுவதும் சரிந்துவிடுகிறது. அக்டோபரில் நன்றாக ஆடியவள் ஜனவரியில் ஆளே மாறிப்போகிறாள். மனசு திடமில்லை என்கிறார்கள். தியானம் ஏதாவது பழக்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

தியானத்தால் கெடுதல் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் பாதி மனசு சம்பந்தப்பட்டதே அல்ல.

அந்த முதல் ஜம்பை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் டிரிபிள் லட்ஸ் (காற்றில் மூன்று சுற்று), அதோடு ஒட்டி டபுள் டோ லூப் (இரண்டு சுற்று). பின்பாதியில் இன்னொரு டிரிபிள் லட்ஸ், தனியாக. வேறோர் இடத்தில் இன்னொரு டபுள் டோ லூப். திட்டம் இப்படி என்று வையுங்கள். முதல் லட்ஸில் இறங்கும்போது வேகம் செத்துவிட்டது, டோ லூப் விட்டுப்போயிற்று. இரண்டாவது லட்ஸையும் தனியாகவே போட்டால், ஒரே டிரிபிள் இருமுறை தனியாக வந்ததாகி, அதன் அடிப்படை மதிப்பில் 70 சதவீதம்தான் கிடைக்கும். பதற்றத்தில் விட்ட டோ லூப்பை ஃப்ளிப் என்ற வேறொரு ஜம்போடு ஒட்டிவிட்டு, அதை மறந்து லட்ஸிலும் ஒட்டினால், ஒரே டபுளுக்கு இருமுறைதான் புள்ளி என்பதால் மூன்றாவது டபுள் டோ லூப்புக்குப் பூஜ்யம். மூச்சு வாங்க, அடுத்த ஜம்புக்குச் சில வினாடிகளே இருக்கும்போது இந்தக் கணக்கை அவள் போட்டாக வேண்டும். நான்காவது ஜம்பில் விழுவது பெரும்பாலும் இதனால்தான். பார்ப்பவர்களுக்கு அது மனம் உடைந்ததுபோலத் தெரிகிறது.

ஆகவே கணக்கைப் பனியில் போட விடாதீர்கள். பயிற்சியாளரோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஜம்புக்கும் இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள்: சேர்க்கை விட்டுப்போனால் எங்கே ஒட்டுவது, சுற்று குறைந்து சிங்கிளாகிவிட்டால் அடுத்து எது மாறும். பிறகு தரையில், இசையோடு, நடந்தே பழக வேண்டும். வாரம் ஒருமுறை பனியில் முதல் ஜம்பை வேண்டுமென்றே சிங்கிளாகப் போட்டுவிட்டு மீதியை முடிக்கட்டும். முழு ஓட்டத்தின்போது, அதாவது ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை ஆடிப் பார்க்கும்போது, விழுந்தாலும் இசையை நிறுத்தக் கூடாது. பல ரிங்க்குகளில் குழந்தை விழுந்ததும் பாட்டை நிறுத்தி மறுபடி தொடங்குகிறார்கள். அப்படிப் பழகியவளுக்கு விழுந்த பிறகு ஆடிய அனுபவமே இருக்காது.

ஷார்ட் புரோகிராம் என்ற குறுகிய முதல் ஆட்டத்தில் தவறின் விலை இன்னும் அதிகம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுசுரு ஹன்யூவின் குவாட் சால்கோ (நான்கு சுற்று ஜம்ப்) சிங்கிளாகச் சுருங்கியது, மதிப்பு பூஜ்யம். அதே ஆட்டத்தில் அடுத்து வந்த குவாட்-டிரிபிள் சேர்க்கையையும் டிரிபிள் ஆக்ஸலையும் சுத்தமாக முடித்தார். ஷார்ட்டில் 8-ஆம் இடம், கடைசியில் 4. 2018 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் நேதன் சென் ஷார்ட்டில் 17-ஆம் இடம். ஃப்ரீயில் எல்லோரையும்விட அதிகப் புள்ளி வாங்கி 5-ஆம் இடத்துக்கு ஏறினார்.

கவனத்தை மூன்றரை நிமிடமும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லாதீர்கள், அது யாராலும் ஆகாது. ஜம்புக்கு முந்தைய இரண்டு மூன்று வினாடி கவனம் குவிய வேண்டும். இறங்கியதும் கிராஸ் ஓவரில் (ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்துச் செல்லும் நகர்வு) நீளமாக மூச்சை வெளியே விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். ஒரு ஜம்புக்கு ஒரே ஒரு குறிப்புச் சொல், அதுவும் உடம்பு செய்ய வேண்டிய வேலையாக இருக்கட்டும். லட்ஸ் என்றால் "வெளி எட்ஜ்" (பிளேடின் வெளி விளிம்பு). "விழாதே" என்பதில் உடம்புக்கு வேலை எதுவும் இல்லை. (தடுப்புக்குப் பின்னால் நீங்கள் முகம் சுளிப்பதும் அவளுக்குத் தெரியும்.)

ஆறு நிமிட வார்ம்-அப்புக்குப் பிறகு குழுவில் ஆறாவதாக ஆடுபவள் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேரும். பூட்ஸைக் கழற்றாமல் லேஸை மட்டும் தளர்த்தி, பிளேடு கார்டோடு நடந்துகொண்டே இருக்கலாம். தனக்கு முன்னால் இருவர் பாக்கி இருக்கும்போது மறுபடி கட்ட வேண்டும். முதலாவதாக ஆடுபவள் கடைசி ஒரு நிமிடம் ஜம்ப் செய்யாமல் மூச்சைச் சீராக்கிக்கொள்வது நல்லது. பெயர் அறிவித்து 30 வினாடிக்குள் தொடக்க நிலையில் நிற்க வேண்டுமே.

இனி ஜனவரி. இலையுதிர்காலம் முழுக்கப் போட்டி, நடுவில் உடலைத் திரும்பக் கட்ட நேரமே விடவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். எல்லாப் போட்டியிலும் உச்சத்தில் இருக்க முடியாது. முக்கியமான இரண்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஆறு வாரம் முன்பிருந்து முழு ஓட்டங்கள். கடைசிப் பத்து நாளில் ஜம்ப் எண்ணிக்கையைப் பாதியாக்கலாம், ஆனால் வேகமும் உயரமும் குறையக் கூடாது. அந்த நாட்களில் புது ஜம்ப் எதையும் தொடவே வேண்டாம். இரண்டு முக்கியப் போட்டிகளுக்கு நடுவே ஒரு வாரமாவது முழு ஓட்டமே இல்லாமல் அடிப்படை ஸ்கேட்டிங் மட்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். 14 வயதில் உயரம் கூடும், எடை கூடும். போன சீசனில் சுற்று முடிந்த அதே நேரத்தில் இப்போது கால் சுற்று பாக்கி நிற்கும். இதை மனவலிமைக் குறைவு என்று சொல்லித் திட்டினால் அவள் நம்பிவிடுவாள். மாதாமாதம் உயரத்தைக் குறித்து வைத்துப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். பூட்ஸ் விரலை நெரிக்கிறதா என்றும் கேளுங்கள். மாற்றுவதானால் சீசன் முடிந்ததும் மாற்றுவதே நல்லது. புது பூட்ஸ் காலுக்குப் பழகச் சில வாரம் பிடிக்கும்.