டென்மார்க் பணக்கார நாடானதற்குப் புராட்டஸ்டன்ட் மதம்தான் காரணமா?

புராட்டஸ்டன்ட்காரர்கள் சிக்கனமானவர்கள், உழைப்பாளிகள், அதனால்தான் டென்மார்க் மாதிரி ஒரு சின்ன நாடு இவ்வளவு முன்னேறியதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

டென்மார்க், புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்றான லுத்தரன் சபையைத் தழுவியது 1536இல். சர்ச் நிலங்கள் அரசர் கைக்குப் போயின. ஆனால் 1733இல், அதாவது மதம் மாறி ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து, குடியானவ வீட்டு ஆண்கள் பிறந்த பண்ணையை விட்டு வெளியே போகக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தக் கட்டு அவிழத் தொடங்கியது 1788இல்தான். அதையொட்டித்தான் குத்தகைக்காரர்கள் கடன் வாங்கி, உழுத நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

மதம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சர்ச்சில் உறுதிசெய்யும் சடங்கான திடப்படுத்தல் 1736இல் எல்லோருக்கும் கட்டாயமானது. அதற்கு ஞானோபதேசம் என்ற சமயப் பாடத்தைப் படித்திருக்க வேண்டும், அதனால் ஏழைப் பிள்ளைகளும் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினார்கள். 1814இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயம் என்று சட்டமே வந்தது.

காலனிப் பணம்தானே என்று கேட்பவர்களும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் கோபன்ஹேகன் வணிகர்கள் கடல் வாணிபத்திலும், அடிமைகளை வதைத்து நடத்திய கரீபியன் கரும்புத் தோட்டங்களிலும் நிறையச் சம்பாதித்தது உண்மை. ஆனால் 1813இல் அரசாங்கமே திவாலானது, அடுத்த வருடம் நார்வே கைவிட்டுப் போனது, 1620 முதல் வைத்திருந்த நம் தரங்கம்பாடியையும் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

உண்மையான திருப்பம் அதற்கப்புறம். 1870களில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் தானியம் மலிவாக வந்து குவிய, விலை சரிந்தது. டேனிஷ் விவசாயிகள் பயிரை மட்டும் நம்பாமல் மாட்டின் பக்கம் திரும்பினார்கள். ஆனால் நல்ல வெண்ணெய் பெரிய பண்ணைகளில் மட்டும்தான் கிடைத்தது. வெண்ணெய் எடுக்கப் பாலைத் தட்டுகளில் ஊற்றிப் பாலாடை மிதக்கும்வரை காத்திருக்க வேண்டும். வண்டியில் குலுங்கி வந்த பாலில் ஆடை சரியாகக் கட்டாது. அதனால் நாலு மாடு வைத்திருந்தவர் தன் பாலை வேறு எங்கும் கொண்டுபோக வழியில்லாமல், வீட்டிலேயே கடைந்து, கிடைத்த விலைக்கு விற்றார். பாலைச் சுழற்றி ஆடையைப் பிரிக்கும் இயந்திரம் 1878 வாக்கில் வந்ததும் இந்தத் தடை போனது, பல வீட்டுப் பாலை ஒரே இடத்தில் சேர்க்க முடிந்தது.

1882இல் டென்மார்க்கின் தீபகற்பப் பகுதியான யூட்லாந்தின் மேற்கில் யெடிங் என்ற சிற்றூரில் விவசாயிகளே சேர்ந்து முதல் கூட்டுறவுப் பால் நிலையத்தைத் தொடங்கினார்கள். 1900க்குள் இப்படி ஆயிரத்துக்கு மேல். ஆடை எடுத்த பால் அதே கேன்களில் விவசாயி வீட்டுக்குத் திரும்பிப் பன்றிக்குத் தீவனமானது. 1887இல் ஜெர்மனி டேனிஷ் பன்றிகளை உள்ளே விட மறுத்தபோது ஹோர்சென்ஸ் என்ற டேனிஷ் ஊரில் கூட்டுறவு இறைச்சிக்கூடம் திறந்து, பேக்கனாக்கி (உப்பிட்ட பன்றி இறைச்சி) இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வெண்ணெயும் அங்கேதான் போனது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அவர்களின் ஓட்டு முறை. ஐம்பது மாடு வைத்திருந்தவருக்கும் ஒரு ஓட்டு, இரண்டு மாடு வைத்திருந்தவருக்கும் ஒரு ஓட்டு. அந்த இரண்டு மாட்டுக்காரருக்குச் சங்கத்தின் கணக்கைத் தானே படித்துப் பார்த்து, கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கவும் தெரிந்திருந்தது.