டிசம்பர் வரை எதற்கு?

அன்புள்ள ஐயா,

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. எங்கள் பண்பாட்டுக் கழகம் அடுத்த ஆண்டு மாதம் ஒருவராகப் பன்னிரண்டு நாடகக்காரர்கள், எழுத்தாளர்களை அழைத்துப் பொது உரையாடல் நடத்தப்போகிறது. எண்பது வயதான கூத்து வாத்தியார் ஒருவரை டிசம்பர் நிறைவு விழாவுக்கு வைத்திருக்கிறோம். வேறு யாரை அழைக்கலாம்? முப்பது பேருக்கு மேல் வருவதில்லை. கூட்டத்தை எப்படிச் சேர்ப்பது?

ர.

அன்புள்ள ர.,

முப்பது பேரா? கொடுத்துவைத்தவர் நீங்கள். நான் பதினோரு பேர் முன்னால் பேசியிருக்கிறேன். அதில் இரண்டு பேர் மைக்செட்காரர்கள். அந்தக் கவலையை விடுங்கள்.

நாடகக்காரர்கள், எழுத்தாளர்கள் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். எழுத்தாளர் உங்கள் மேடைக்கு வராவிட்டால் குடி முழுகிவிடாது, நூலகத்தில் இருப்பார். நாடகக்காரரின் வேலை விளக்கை அணைத்ததும் போய்விடுகிறது. பிரதி அச்சில் இருக்கலாம். நடிகர் எந்த இடத்தில் மூச்சு வாங்கினார் என்பது அதில் இருக்காது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானார். தன் நாடகக் குழுவின் பையன்களுக்கு அவர் எப்படிப் பாடம் சொன்னார் என்று இன்று ஏதோ தெரிகிறதென்றால், அவரிடம் சிறுவனாக நடிக்கப் பயின்ற தி.க. சண்முகம் பிற்பாடு எழுதிவைத்த புண்ணியம். இன்னொரு நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் 'நாடக மேடை நினைவுகள்' என்று ஆறு பாகம் எழுதினார். 1891-ல் தொடங்கிய அவருடைய நாடகக் குழுவான சுகுண விலாச சபையின் ஒத்திகைகள்கூட நமக்குக் கிடைக்கின்றன. சரி, எழுதும் பழக்கமே இல்லாதவர்கள்? யாராவது உட்கார்ந்து கேட்டால்தான் உண்டு.

பல வருடங்களுக்கு முன் ஒரு கூட்டம். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம். வயதான தெருக்கூத்துக் கலைஞர் ஒருவருக்குக் கடைசிப் பத்து நிமிடம். "தெருக்கூத்தின் எதிர்காலம் எப்படி இருக்கும்?" என்று ஒரு மேதாவி கேட்டார். "அத நீங்கதான் சொல்லணும்" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார் பெரியவர்.

அந்த மேதாவி நான்தான்.

அப்புறம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சும்மா கேட்டேன், ராத்திரி பூரா கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு ஆடினால் வலிக்காதா என்று. ஒரு மணி நேரம் பேசினார். கயிற்றை எங்கே இறுக்க வேண்டும், எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும், துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று முதலில் குரலை மட்டும் ஏன் அனுப்புகிறான், எல்லாம். டீ கிளாஸை மேஜையில் நகர்த்தி அடவு காட்டினார். பஸ் வந்துவிட்டது. நான் ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை. இன்று அவர் இல்லை.

யாரை அழைப்பது என்றுதானே கேட்டீர்கள்? பக்கத்து ஊர்களில் ஆர்மோனியக்காரர், முகவீணை ஊதுகிறவர், வேஷம் கட்டிவிடுகிறவர் என்று இருப்பார்கள், தேடுங்கள். கேள்வி கேட்பவர் அவர்கள் ஆட்டத்தை ஒரு ராத்திரியாவது விடியும்வரை பார்த்திருக்க வேண்டும். பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு ரெக்கார்டர் வாங்குங்கள்.

அந்த எண்பது வயதுக்காரரை முதலில் டிசம்பரிலிருந்து எடுத்து ஜனவரியில் போடுங்கள்.