நனைந்த போனும் நழுவும் வாரன்டியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் நனைந்த போன்களைப் பற்றியவைதான். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

மழையில் நனைந்த போனை அரிசிக்குள் எத்தனை நாள் புதைத்து வைக்க வேண்டும்? – திருவாரூர்

ஒரு நிமிடம்கூட வேண்டாம். அரிசியைச் சோறாக்குங்கள்.

அரிசியில் வைத்துத்தான் என் போன் பிழைத்தது. நீங்கள் ஏன் எப்போதும் அதைக் கேலி செய்கிறீர்கள்? – கரூர்

மேசைமேல் வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும். பெயர் மட்டும் அரிசிக்குப் போய்விட்டது. நானும் ஒரு காலத்தில் இரண்டு கிலோ பொன்னி அரிசிக்குள் போனைப் புதைத்தவன்தான். மூன்றாம் நாள் எடுத்தபோது சார்ஜ் துளைக்குள் ஒரு குருணை சிக்கியிருந்தது. ஊசியால் நோண்டினேன், அது இன்னும் உள்ளே போனது. அதை எடுக்க 350 ரூபாய் கொடுத்தேன். ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் ஈரமான ஐபோனை அரிசிப் பையில் வைக்காதீர்கள், துகள்கள் கெடுத்துவிடும் என்று எழுதியிருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். போனை உடனே அணைத்துவிடுங்கள். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று மறுபடி போடாதீர்கள். உறையைக் கழற்றி, துணியால் துடைத்து, சிம் தட்டை வெளியே இழுத்து, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். பிறகு மின்விசிறிக் காற்றில் வையுங்கள். தலைமுடி உலர்த்தும் கருவி வேண்டாம். அந்தச் சூட்டில் திரையை ஒட்டியிருக்கும் பசை இளகும், பேட்டரிக்கும் கேடு. தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அவர் திறந்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்ற, சீக்கிரம் ஆவியாகும் திரவத்தால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை, அதாவது போர்டை, கழுவுவார். ஈரத்தோடு மின்சாரம் ஓடும்போதுதான் செம்பு அரித்துப் பச்சை பூக்கிறது. அரிசி ஈரத்தை இழுத்தாலும் தண்ணீர் விட்டுப்போன உப்பை இழுக்காது.

ஸ்பீக்கரில் இருந்து தண்ணீரை வெளியே தள்ளும் ஒலி என்று ஒரு செயலி இருக்கிறதே? – ஈரோடு

ஸ்பீக்கர் வலையில் நிற்கும் துளியைத் தள்ளும். போர்டில் இருக்கும் தண்ணீர் பாட்டுக் கேட்டு வெளியே வராது.

ஐபி 68 என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் இடுப்பளவு நீரில் நின்று படம் எடுத்தேன். ஐந்து நிமிடம்கூட இல்லை. மறுநாள் திரை இருண்டுவிட்டது. வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. திரவம் புகுந்த சேதத்துக்கு வாரன்டி கிடையாது என்கிறது சர்வீஸ் சென்டர். – விருதுநகர்

இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐபி 68 என்பதில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். ஆகவே இரண்டு நிறுவனங்களின் 68 ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சோதனை நடப்பது ஆய்வகத்தில், நல்ல தண்ணீரில், புத்தம்புதுப் போனை வைத்து. கடல் உப்பு, நீச்சல் குளத்துக் குளோரின், சோப்பு நுரை, வெந்நீர் ஆவி எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. ஓரங்களில் நீரைத் தடுப்பது மெல்லிய பசையும் ரப்பர் வளையமும்தான். ஒருமுறை கீழே விழுந்தாலோ, தெருமுனைக் கடையில் பேட்டரி மாற்றினாலோ, பெட்டியில் அச்சிட்ட எண் வெறும் அச்சாகிவிடும்.

இதையெல்லாம் சொல்ல வேண்டியது யார்? விற்றவர்கள். ஆனால் விளம்பரத்தில் போனோடு குளத்தில் குதிக்கிறார்கள். வாரன்டித் தாளில், எறும்பு எழுத்தில், திரவ சேதம் சேராது என்கிறார்கள். ஒரே கம்பெனிக்கு இரண்டு வாய். இந்த இரட்டைப் பேச்சுக்காகவே இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்பது போல விளம்பரம் செய்ததற்காக 2022இல் ஆஸ்திரேலியாவில் சாம்சங் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் கட்டியது. நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. போன் விளம்பரங்களைப் பார்க்கும்போது இந்தச் சட்டம் எந்த அலமாரியில் தூங்குகிறது என்று எனக்குத் தோன்றும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தில் கடலோ குளமோ காட்டியிருந்தால் அதைச் சேமித்து வையுங்கள். அதுதான் உங்கள் துருப்புச்சீட்டு. அப்படி எதுவும் இல்லையென்றால், கடல்நீரில் இறக்கிய போனுக்கு வழக்கு வலுவானது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது போனும் கிணற்றடியில் குனியும்போது சட்டைப்பையிலிருந்து விழுந்துவிட்டது. அடுத்து எந்த மாடல் வாங்கலாம்? – பொள்ளாச்சி

பித்தான் வைத்த பையுள்ள சட்டை வாங்குங்கள். போன் எதுவானாலும் பரவாயில்லை.

மீன் விற்கிறேன். கையில் எப்போதும் ஈரமும் உப்பும்தான். பணம் வந்ததா என்று பார்க்கப் போனை எடுக்காமல் முடியாது. சார்ஜ் போடும் இடம் ஒரு வருடத்தில் இரண்டு முறை கெட்டுவிட்டது. – நாகப்பட்டினம்

அம்மா, தவறு உங்களுடையது அல்ல. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டி ஒன்றை வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் வையுங்கள்; மாத வாடகை உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் போனை அடிக்கடி தொட வேண்டியிராது. தொட வேண்டியிருந்தால், அழுத்தி மூடும் தடிமனான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள். மேலிருந்து தொட்டாலே திரை வேலை செய்யும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, காயவிட்டு, அதற்கப்புறம் சார்ஜ் போடுங்கள். ஈரத்தோடு சொருகுவதுதான் சார்ஜ் துளைக்குள் இருக்கும் உலோகப் பற்களைத் தின்கிறது.

அருவியில் குளிக்கப் போகிறோம். கயிற்றில் தொங்கவிட்டு விற்கும் பிளாஸ்டிக் பைகளை நம்பலாமா? – மதுரை

குற்றாலத்தில் 150 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பேரருவியை விட்டு வெளியே வந்து பார்த்தால் பைக்குள் கால் டம்ளர் தண்ணீர், அதில் சாய்ந்தபடி என் போன். கிளிப்பை ஒரு பக்கம் சரியாகப் பூட்டவில்லை என்று கடைக்காரர் சொன்னார். இருக்கலாம். இப்போது எந்தப் பை வாங்கினாலும், உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அழுத்தி வைக்கிறேன். காகிதம் காய்ந்திருந்தால்தான் போனுக்கு அனுமதி. அருவிக்கடியில் அப்போதும் கொண்டுபோவதில்லை.

ஓய்வூதியர் நான். 18,000 ரூபாய்க்குப் போன் வாங்கியபோது, 1,499 ரூபாய் கூடக் கட்டினால் தண்ணீரில் விழுந்தாலும் கவலையில்லை என்று விற்பனையாளர் சொன்னார். துணி ஊறவைத்த வாளியில் விழுந்தது. மகன் வந்து ஐந்தாம் நாள் தெரிவித்தோம். 48 மணி நேரத்துக்குள் சொல்லவில்லை என்று தள்ளிவிட்டார்கள். அப்படி நிபந்தனை உள்ள தாளையே எனக்குத் தரவில்லை. – கும்பகோணம்

ஐயா, நிபந்தனையை மறைத்துப் பணத்தை மட்டும் வாங்கியது அவர்கள் குற்றம். விடாதீர்கள். நிபந்தனைத் தாள் எந்தத் தேதியில், எப்படி உங்களுக்குத் தரப்பட்டது என்று கேட்டு, கடைக்கும் திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கும், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். ரசீது நகலை இணையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் மெயிலில் ஏதாவது இணைப்பாக அந்தத் தாள் வந்திருக்கிறதா என்று மகனை ஒருமுறை தேடச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் நீட்டும்.

பழைய போன் வாங்கப் போகிறேன். தண்ணீர் பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – தாம்பரம்

சிம் தட்டை இழுத்துவிட்டு அந்தத் துளைக்குள் டார்ச் அடியுங்கள். பல மாடல்களில் உள்ளே வெள்ளையாக ஒரு சின்ன ஒட்டு தெரியும். அது சிவந்திருந்தால் தண்ணீர் பார்த்த போன். சார்ஜ் துளையின் பற்களில் பச்சையோ வெள்ளைப் பூப்போ இருக்கிறதா பாருங்கள். கேமராக் கண்ணாடிக்குள் மூட்டம் இருக்கிறதா பாருங்கள். ஒருவரை அழைத்துப் பேசி, இரண்டு பக்கமும் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று சோதியுங்கள். தட்டைத் திறக்கக் கூடாது என்று விற்பவர் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.