துடைத்துவிட்டு எழுதுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே வரிதான்: "வண்டியில் ஆயில் லீக் ஆகிறது, என்ன செய்வது?" எந்த வண்டி, எந்தப் பக்கம், நிற்கும்போதா, ஓடும்போதா? ஒரு விவரமும் கிடையாது. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டேன். ஏதாவது பார்த்துவிட்டு எழுதியவர்களுக்கு மட்டுமே இங்கே பதில்.

பத்து வருடப் பழைய ஸ்பிளெண்டர். என்ஜினின் அடிப்பாகம் முழுவதும் ஆயில். என்ஜினைப் பிரிக்க வேண்டும், எட்டாயிரம் ஆகும் என்கிறார் மெக்கானிக். (திண்டுக்கல்)

எட்டாயிரத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வண்டியைக் கழுவுங்கள். ஆயில் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேலே கசிந்தது என்ஜினைக் குளிர்விக்கும் ஃபின் மடிப்புகள் வழியாக இறங்கி, காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் அடியில் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டில் வந்து தொங்கும். ஆறிய என்ஜினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும் சந்தேகப்படும் இணைப்புகளில் முகப்பவுடரைத் தூவி, ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலேயும் முன்னாலேயும் இருக்கிறதோ, அதுதான் ஊற்று. டேப்பெட் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் திருகு) மூடியின் ரப்பர் வளையம், கிக்கர் ஷாஃப்ட் சீல் (தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்), கியர் ஷாஃப்ட் சீல், டிரெயின் போல்ட் வாஷர் என்று பெரும்பாலும் நூறு, இருநூறு ரூபாயில் முடிகிற சமாச்சாரமாகவே இருக்கும். என்ஜினைப் பிரிக்கும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

கிக்கர் ஷாஃப்ட் ஆயில் சீலை வீட்டிலேயே மாற்ற முடியுமா? (காரைக்குடி)

முடியும். பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் கிளட்ச் கவரைக் கழற்றவே தேவையில்லை. வண்டியை இடதுபுறம் நன்றாகச் சாய்த்து வைத்தால் ஆயில் கொட்டாது. கிக்கரைக் கழற்றுங்கள். பழைய சீலின் முகத்தில் சிறிய ஸ்க்ரூ ஒன்றை இரண்டு சுற்று மட்டும் ஏற்றி, கட்டிங் பிளையரால் பிடித்து இழுங்கள்; வந்துவிடும். ஷாஃப்ட்டில் கீறல் விழக் கூடாது. கீறினால் புதிய சீலும் கசியும். சீலின் மேலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும், அதைச் சொல்லியே கடையில் வாங்குங்கள். போடும்போது ஷாஃப்ட்டின் பற்களுக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, சிறிய ஸ்பிரிங் தெரியும் பக்கம் உள்ளே போகும்படி தள்ளுங்கள். அளவான பாக்ஸ் ஸ்பேனர் ஒன்றை மேலே வைத்து நேராகத் தட்டினால் கோணாமல் உட்காரும்.

ஓட்டிவிட்டு நிறுத்தியதும் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. (ஈரோடு)

சூடான சைலன்சர் ஆறிச் சுருங்குகிறது. வேறொன்றுமில்லை.

கிளட்ச் கவரில் கசிவு. பேக்கிங் (இணைப்புக்கு நடுவே வைக்கும் காகிதத் தகடு) இல்லாமல் சிலிக்கான் பேஸ்ட் மட்டும் தடவி மாட்டலாமா? எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். (திருநெல்வேலி)

எல்லோரும் செய்வது தெரியும். அதனால்தான் எனக்கு இத்தனை கடிதங்கள் வருகின்றன.

பேஸ்ட்டை அப்பி, கவரை மாட்டி, போல்ட்டை முறுக்கியதும் வெளியே புழு மாதிரி பிதுங்குகிறது அல்லவா? அதை விரலால் வழித்துவிட்டு 'சுத்தமாக முடிந்தது' என்கிறார்கள். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கிறது. அதை யார் வழிப்பது? நாளடைவில் அது துண்டு துண்டாகப் பிய்ந்து ஆயிலில் மிதந்து, பம்ப்புக்கு முன்னால் இருக்கும் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். வலை அடைத்தால் முதலில் பட்டினி கிடப்பது மேலே வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டும் ராக்கரும்தான். 'டேப்பெட் சத்தம் அதிகமாகிவிட்டது, எத்தனை முறை செட் செய்தாலும் நிற்கவில்லை' என்று ஆறு மாதம் கழித்து அதே ஆள் எழுதுவார். ஐம்பது ரூபாய்ப் பேக்கிங்கை மிச்சப்படுத்தி, ஹெட் வேலைக்கு ஆயிரக்கணக்கில் அழுவது என்ன கணக்கோ, எனக்குப் புரியவில்லை. இன்னொன்று, பேக்கிங்கின் தடிமனும் கணக்கில் சேர்ந்ததே. அதை எடுத்துவிட்டால் கவர் அந்த அளவுக்கு உள்ளே இறங்கும். அந்த இடைவெளியை நம்பியிருக்கும் ஷாஃப்ட் இறுகக்கூடும்.

ஒழுங்கான முறை இதுதான். ஆயிலை வடியுங்கள். கவர் போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. அட்டை ஒன்றில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்தத் துளையில் இருந்ததோ அந்த இடத்திலேயே போல்ட்டைக் குத்தி வையுங்கள். நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் ஏற்றி அலுமினியத்தை உடைத்தவர்கள் பலர். பழைய பேக்கிங்கை ஸ்க்ரூடிரைவரால் குத்திக் கிளறாதீர்கள். ஆயிலில் ஊறவைத்து, பிளாஸ்டிக் பட்டையால் சுரண்டுங்கள். கவரை இடம் பிசகாமல் நிறுத்தும் இரண்டு டவல் பின்களும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிய பேக்கிங்கை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 8 ஸ்பேனர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். உங்கள் கைபலத்தைக் காட்ட வேண்டிய இடம் இதுவல்ல.

பேஸ்ட்டுக்கும் இடம் உண்டு. காகிதப் பேக்கிங் இல்லாமலே கம்பெனி இணைத்த கிராங்க் கேஸ், சில ஹெட் கவர்களின் அரைவட்ட மூலை ஆகிய இடங்களில் தடவலாம், அதுவும் படலம் போல.

நியூட்ரலில் 'கர கர' சத்தம். கிளட்ச்சைப் பிடித்தால் நின்றுவிடுகிறது. (கோவை)

எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்து எழுதியிருக்கிறீர்கள். பாராட்டுகள். கிளட்ச் ஹவுசிங்கின் ரிவெட் தளர்ந்திருக்கலாம், அல்லது கியர்பாக்ஸ் முதன்மை ஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருக்கலாம். லேசாக இருந்தால் அடுத்த முறை கிளட்ச் பிளேட் மாற்றும்போது பார்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் கூடினால் காத்திருக்க வேண்டாம்.

டேப்பெட் சத்தம் துளியும் கேட்கக் கூடாது என்று சொல்லி டைட் செய்துகொண்டேன். இப்போது காலையில் ஸ்டார்ட் ஆவதே இல்லை. (நாகர்கோவில்)

கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் நிற்காது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்குவதே சீட்டில் உட்காரும் நேரத்தில்தான். உட்காராவிட்டால் கருகும். சிறிய என்ஜின்களுக்கு 0.05 முதல் 0.10 மி.மீ. வரை என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் (இரண்டு வால்வும் மூடியிருக்கும் நேரம்) 'டி' குறியை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் குறியை நிறுத்தி, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்துப் பார்க்க வேண்டும். காதை வைத்து செட் செய்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். லேசான டேப்பெட் சத்தம் ஆரோக்கியத்தின் அறிகுறி.

பழைய இரும்பு என்ஜின் புல்லட். மூன்று மாதம் நின்றது. ஸ்டார்ட் செய்ததும் பிரீதர் குழாய் (என்ஜின் உள்காற்று வெளியேறும் குழாய்) வழியாக ஆயில் கொட்டியது. முந்தின நாள்தான் கேஜில் குறைவாகத் தெரிந்ததால் அரை லிட்டர் ஊற்றினேன். (தஞ்சாவூர்)

அந்த அரை லிட்டர்தான் கொட்டியது. நீண்ட நாள் நின்றால் தொட்டியில் இருக்கும் ஆயில், பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். கேஜில் குறைந்தது போலத் தெரியும். ஆனால் ஆயில் எங்கும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது. ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, சில நிமிடம் கழித்துத்தான் கேஜைப் பார்க்க வேண்டும். கொட்டிய ஆயில் பின்டயரில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவாமல் வண்டியை எடுக்காதீர்கள். இந்த வண்டியின் கிளட்ச் கேஸை நடுவில் இருக்கும் ஒரே நட்டுதான் பிடித்திருக்கிறது. அங்கே கசிகிறது என்று மேலும் முறுக்கினால் கவர் வளையும், கசிவு கூடும். ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். 'புல்லட் என்றால் கசியத்தானே செய்யும்' என்ற நகைச்சுவையை இனி யாரும் எனக்கு எழுத வேண்டாம்.

ஆர்எக்ஸ் 100. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஆனால் கியர் ஆயில் குறைகிறது, புகையும் அதிகம். (மதுரை)

கிளட்ச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது. கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சி எரிக்கிறது. இரண்டு பக்கச் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் கசிவு நிற்குமா? (சேலம்)

நிற்காது. கையேட்டில் 10டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மைக் குறி) என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். கார் ஆயிலை ஊற்றிக் கிளட்ச் வழுக்குகிறது என்று எழுதியிருக்கும் இன்னொருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: டப்பாவில் 'ஜேசோ எம்ஏ' (ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான தரக்குறி) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முன் ஃபோர்க்கில் எண்ணெய் வளையம். ஓட்டலாமா? (வேலூர்)

பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் இறங்காதவரை மெதுவாக ஓட்டலாம். இறங்கியிருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். முதலில் மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலை இறக்கி, உள்ளே மண் இருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் சுத்தம் செய்தாலே நின்றுவிடும். பைப்பில் துருப்புள்ளி நகத்தில் தட்டுப்பட்டால் எத்தனை சீல் போட்டாலும் அது கிழிக்கும்.

பள்ளத்தில் இறங்கும்போது முன்னால் 'டொக்' என்கிறது. (புதுக்கோட்டை)

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்துப் பகுதியில் ஆட்டம் தெரிந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) தளர்ந்திருக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவது போல நின்றால் இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

இடதுபக்கம், செயின் கவர் அருகே கறுப்பு ஆயில் சொட்டுகிறது. கியர் ஷாஃப்ட் சீல் இரண்டு முறை மாற்றியாயிற்று. (தூத்துக்குடி)

செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றும் பழக்கம் இருக்கிறதா? முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள், ஒரு கைப்பிடிச் சேறு இருக்கும். அதை வழித்து, கழுவி, துடைத்து, இரண்டு நாள் செயினுக்கு எதுவும் போடாமல் ஓட்டுங்கள். அதன் பிறகும் சொட்டினால் எழுதுங்கள், எந்த வண்டி என்று சேர்த்து.