தஞ்சாவூர் உழவர் சந்தையில் நல்ல காயாகப் பார்த்து வாங்குவது எப்படி?

காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் மிஞ்சுவது பொறுக்கிப்போட்ட காய்தான். முதலில் விலைப் பலகையைப் பாருங்கள். அன்றைய விலை அதில் எழுதியிருக்கும். அதனால் பேரம் வேண்டாம், விளைவித்தவருக்கு அந்தக் காசு முழுதாகப் போகட்டும்.

கத்தரிக்காய்க்குக் காம்புதான் சாட்சி: பச்சையாக, முள் குத்தினால் புதுசு. தோல் மினுங்கணும். அளவுக்கு மீறிக் கனத்தால் விதை முற்றியிருக்கும். ஓட்டை இருந்தால் உள்ளே புழு. வெண்டைக்காய் நுனி பட்டென்று ஒடியணும். வாழைத்தண்டு ஒல்லியாக, வெட்டுவாய் வெள்ளையாக இருந்தால் நார் குறைவு.

கீரையைக் கடைசியாக வாங்கி, பையில் மேலே வையுங்கள். அடியில் நசுங்கினால் மதியத்துக்குள் கறுத்துவிடும். கழுவி ஈரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்தாலும் அழுகும். சமைக்கும்போது கழுவினால் போதும். துணிப்பையும் சில்லறையும் மறக்காதீர்கள்.